பற்றுதலும் பிரித்தலும்: உயிரணுக்கள் ஒரு கூழை ஆளும் முறை

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அறிவியலில் ஏதேனும் ஒரு பொருளை எடுத்து, நம் இளைஞர்க்கு விளங்கும் வகையில் எடுத்துரைக்க வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தனர். அணுவைப் பற்றியோ விண்வெளியைப் பற்றியோ பேசலாம். ஆயினும் நாம் இன்று எடுத்துக்கொள்வது நம் தோலுக்கடியிலும், மூட்டுகளிலும், கண்ணுக்குள்ளும் இருக்கின்ற ஒரு வழவழப்பான கூழ். ஹையலூரோனன் என்பது அதன் பெயர்; ஹையலூரோனிக் அமிலம் என்றும் வழங்குவர். இக்கூழை உயிரணுக்கள் எவ்வாறு பற்றுகின்றன, பற்றியதை எவ்வாறு அறுத்துக் கரைக்கின்றன என்பதே நம் பொருள். கேட்பதற்கு நெடுந்தொலைவிலுள்ள ஆய்வுக்கூடத்துச் செய்தி போலத் தோன்றும். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் வயலில் இறங்கி வேலை செய்கிற ஒவ்வொருவருடைய உயிருக்கும் இதனோடு தொடர்பு உண்டு. அத்தொடர்பை உரையின் பிற்பகுதியில் காண்போம்.

கூழின் வரலாறு

1934ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்னும் இருவர் மாட்டுக் கண்ணின் உள்ளே நிரம்பியிருக்கும் தெளிந்த கூழிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தனர். கிரேக்க மொழியில் கண்ணாடிக்கு 'ஹையலோஸ்' என்று பெயர். கண்ணாடி போன்ற கூழிலிருந்து கிடைத்தமையாலும், யூரோனிக் அமிலம் அதில் இருந்தமையாலும் ஹையலூரோனிக் அமிலம் என்று பெயரிட்டனர். பின்னர்த் தொப்புள்கொடியிலும், மூட்டுநீரிலும், சேவற்கொண்டையிலும் அதே பொருள் இருப்பது தெரிய வந்தது.

இங்கே சற்று நிற்போம். அறுத்த மாட்டின் கண். பிள்ளை பிறந்ததும் வெட்டி எறியும் தொப்புள்கொடி. ஊரார் தீட்டு என்று ஒதுக்கிய பொருள்கள் இவை. இவற்றைத் தொட்டு அப்புறப்படுத்தும் பணியைச் சிலர் மீது சுமத்திவிட்டு, அப்பணியின் பெயராலேயே அவர்களைத் தள்ளி வைத்தது நம் நாட்டுச் சமூகம். அறிவியலோ அப்பொருள்களைக் கையிலெடுத்து ஆராய்ந்து, மனித உடலின் அடிப்படைப் பொருள்களுள் ஒன்றை அவற்றிலிருந்து கண்டறிந்தது.

தோல் பதனிடும் தொழிலிலும் இக்கூழுக்கு இடமுண்டு. பச்சைத் தோலை ஊறவைத்துச் சுண்ணாம்பிடும்போது, நார்களுக்கு இடையே உறைந்திருக்கும் இந்தக் கூழும் அதனோடு சேர்ந்த புரதங்களும் வெளியேறுகின்றன. நார்கள் விலகி இடம் கொடுத்தால்தான் பதனிடும் சாறு உள்ளே இறங்கும். சென்னை அடையாற்றில் 1948இல் நிறுவப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் இன்று இளைஞர்கள் நூல் கொண்டு கற்கின்ற இவ்வுண்மையைத் தொட்டி ஓரத்தில் நின்ற நம் முன்னோர் கைகளால் அறிந்திருந்தனர். அவர்களுக்கு இல்லாமற் போனது அறிவு அன்று; அவ்வறிவுக்குரிய பெயரும் பெருமையும்தான்.

அமைப்பும் அளவும்

ஹையலூரோனன் ஒரு நீண்ட சங்கிலி. இரண்டே வகைச் சர்க்கரைகள் மாறி மாறிக் கோக்கப்பட்டது. ஒன்று குளுக்கியூரோனிக் அமிலம், மற்றொன்று அசிட்டைல் குளுக்கோசமைன். கதம்ப மாலையில் மல்லிகையும் மரிக்கொழுந்தும் மாறி மாறி வருவது போல இவ்விரண்டும் வரும். இத்தகைய இணைகள் ஒரே சங்கிலியில் பத்தாயிரமும் அதற்கு மேலும் இருப்பதுண்டு. இச்சங்கிலி நீரைக் கண்டால் விரிந்து, தன் எடையைவிடப் பன்மடங்கு நீரைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும். மூட்டு உராயாமல் அசைவதும், தோல் வறண்டு வெடிக்காமல் இருப்பதும் பெரும்பாலும் இக்குணத்தாலேயே ஆகும்.

உயிரணுவின் மேலுறையில் மூன்று வகை நொதிகள் இச்சங்கிலியைத் திரிக்கின்றன. கயிறு திரிப்பவர் நாரைச் சேர்க்கச் சேர்க்கக் கயிறு நீண்டுகொண்டே போவது போல, சங்கிலி உருவாகும்போதே உயிரணுவுக்கு வெளியே தள்ளப்படுகிறது. 70 கிலோ எடையுள்ள ஒரு மனிதரிடம் ஏறக்குறைய 15 கிராம் ஹையலூரோனன் இருக்கிறது. அதிற் பாதிக்கு மேல் தோலில் உள்ளது. வியப்பு என்னவெனில், இந்த 15 கிராமில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 5 கிராம், நாள்தோறும் கரைக்கப்பட்டுப் புதிதாக ஆக்கப்படுகிறது.

மற்றோர் உண்மையையும் மனத்திற் கொள்க. இச்சங்கிலியின் வேதியியல் அமைப்பு மாட்டிலும் மனிதரிலும் சேவலிலும் ஒன்றே. மனிதருக்கு மனிதர் இதில் மேலும் கீழும் இல்லை. தொப்புள்கொடியை ஆய்வுக்கு எடுத்தவர் அது எந்தத் தெருவில் பிறந்த குழந்தையுடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

பற்றும் கைகள்

இனி, உயிரணுக்கள் இக்கூழை எவ்வாறு பற்றுகின்றன என்பதைக் காண்போம். உயிரணுவின் மேற்பரப்பில் பலவகைப் புரதங்கள் நட்டுவைத்தாற்போல் நிற்கின்றன. அவற்றின் ஒரு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மறு நுனி உயிரணுவுக்குள் இறங்கியிருக்கும். வெளியிலுள்ள ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் அடையாளம் கண்டு பிடித்துக்கொண்டு, அச்செய்தியை உள்ளே அனுப்புவன ஏற்பிகள் எனப்படும். ஹையலூரோனனைப் பிடிக்கும் ஏற்பிகளுள் தலையாயது சி.டி.44 என்பது. 1990ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, ஹையலூரோனனுக்கு முதன்மையான மேற்பரப்பு ஏற்பி இதுவே என்று நிறுவியது.

இந்தப் பிடிப்பின் தன்மையை அறியக் கூடலூரிலோ சுருளிப்பட்டியிலோ உள்ள திராட்சைத் தோட்டத்திற்குள் சென்றாலே போதும். கொடி பந்தற் கம்பியைப் பற்றியிருப்பது தன் சுருளும் பற்றுக்கம்பிகளால். ஒரேயொரு பற்றுக்கம்பியை விரலால் இழுத்தால் அறுந்துவிடும். ஆனால் நூறு பற்றுக்கம்பிகள் ஒருசேரப் பற்றிய கொடியைக் காற்றும் மழையும் அசைக்க மாட்டா. சி.டி.44 ஏற்பியும் அத்தகையதே. ஒரு தனி ஏற்பி சங்கிலியின் சில சர்க்கரைகளையே பிடிக்கும். அப்பிடி வலுவற்றது, எளிதில் நழுவும். ஏற்பிகள் ஓரிடத்தில் நெருங்கிக் கூடும்போது, நீண்ட சங்கிலி ஒன்றைப் பல ஏற்பிகள் ஒரே நேரத்தில் பிடிக்கின்றன. அப்போது பிடி உறுதியாகிறது. சங்கிலி நீளமாயின் பல கைகளுக்கு இடமுண்டு. துண்டு சிறிதாயின் ஒரு கைக்கே இடம். நீண்ட சங்கிலிக்கும் சிறு துண்டுக்கும் உயிரணு வெவ்வேறு விதமாக விடையளிப்பதற்கு இது ஒரு காரணம்.

இப்பிடியால் விளையும் பயன் பல. உயிரணு தன்னைச் சுற்றிக் கூழாலான காப்புறை ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. காயம் பட்ட இடத்திற்குச் செல்லும் வெள்ளணுக்கள், இரத்தக் குழாயின் உட்சுவரிலுள்ள ஹையலூரோனனை சி.டி.44 கொண்டு தொட்டுத் தொட்டு உருண்டு, வேகம் குறைந்து, உரிய இடத்தில் நிற்கின்றன. பிற ஏற்பிகளும் உள்ளன. லைவ்-1 என்பது நிணநீர்க் குழாய்களின் சுவரில் இருப்பது, 1999இல் விவரிக்கப்பட்டது. ஸ்டேபிலின்-2 என்பது கல்லீரல், மண்ணீரல், நிணநீர் முடிச்சு ஆகியவற்றில் இருப்பது. அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் பால் வைகலும் அவர்தம் குழுவினரும் இதனை விரிவாக ஆராய்ந்தனர். சி.டி.44 பற்றிப் பயன்கொள்ளும் கை என்றால், ஸ்டேபிலின்-2 பற்றி அப்புறப்படுத்தும் கை எனலாம்.

அறுக்கும் முறை

திராட்சைக் கொடிக்குக் கவாத்து எவ்வளவு இன்றியமையாதது என்பதைத் தோட்டத்தில் வேலை செய்யும் நம் மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கவாத்துச் செய்யாத கொடி காடாக மண்டும், காய்க்காது. கண்டபடி வெட்டினாலோ கொடி பட்டுப்போகும். எங்கே, எந்தக் கணுவில், எப்போது வெட்டுவது என்பதில்தான் தொழில் இருக்கிறது. உடலும் ஹையலூரோனனுக்கு நாள்தோறும் கவாத்துச் செய்கிறது. அது படிப்படியாக நடப்பது.

முதற்படி உயிரணுவின் மேற்பரப்பில். சி.டி.44 பிடித்து வைத்திருக்கும் நீண்ட சங்கிலியை, அருகே உறையில் பதிந்திருக்கும் ஹயல்-2 என்னும் நொதி வெட்டுகிறது. உயிரணு அவ்விடத்தைச் சற்றே அமிலத்தன்மை உடையதாக்கி அந்நொதிக்கு உதவுகிறது என்பது ஆய்வாளர் விளக்கம். இவ்வெட்டால் ஏறத்தாழ 50 இணைகள் கொண்ட துண்டுகள் உண்டாகின்றன. மேற்பரப்பில் வெட்டும் வேறு புரதங்களும் அண்மைக் காலத்தில் கண்டறியப்பட்டுள்ளன. 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அத்தகைய ஒன்றை வெளியிட்டனர். எந்த இழையத்தில் எந்தக் கத்தி முதன்மையானது என்னும் ஆராய்ச்சி இன்றும் நடைபெற்று வருகிறது.

இரண்டாம் படியில், உயிரணுவின் உறை உட்குழிந்து, பற்றிய துண்டைப் பைபோல் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. மூன்றாம் படி லைசோசோம் எனப்படும் சிறு பைக்குள். அது உயிரணுவின் செரிமான அறை, உள்ளே அமிலம். அங்கே ஹயல்-1 என்னும் நொதி, துண்டுகளை நான்கு சர்க்கரை அளவுக்கு நறுக்குகிறது. இறுதிப் படியில் வேறிரு நொதிகள் நுனியிலிருந்து ஒவ்வொரு சர்க்கரையாகக் கழற்றுகின்றன. கழற்றிய சர்க்கரைகள் வீணாவதில்லை. அவை மீண்டும் உயிரணுவின் பயன்பாட்டிற்குத் திரும்புகின்றன.

இழையங்களிலேயே கரையாமல் எஞ்சிய சங்கிலிகள் நிணநீரோடு ஓடுகின்றன. முல்லைப் பெரியாற்று நீர் வாய்க்காலில் ஓடி, மடைதோறும் பிரிந்து, கடைமடைக்கு மிஞ்சியதே செல்வது போல, நிணநீர் முடிச்சுகள் வழியிலேயே பெரும்பகுதியைப் பிடித்துக் கரைத்துவிடுகின்றன. தப்பி இரத்தத்தில் கலப்பதைக் கல்லீரல் பிடிக்கிறது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டார்வர்டு லாரென்டும், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ராபர்ட் பிரேசரும் அவர்தம் தோழரும் 1981இல் வெளியிட்ட முயல் ஆய்வு இதற்கு வழி காட்டியது. இரத்தத்தில் சேரும் ஹையலூரோனனிற் பாதி சில நிமிடங்களுக்குள் மறைந்துவிடுகிறது. அதைப் பிடித்து விழுங்குவன பெரும்பாலும் கல்லீரலின் நுண்குழாய்ச் சுவர் உயிரணுக்களே.

இத்தனை முறைமை எதற்கு? நீண்ட சங்கிலி அமைதியின் அடையாளம். அது இருக்கும் வரை இழையம் செம்மையாக உள்ளது என்று உயிரணுக்கள் கொள்கின்றன. சிறு துண்டுகள் சேதத்தின் அடையாளம். அவற்றைக் கண்டதும் அழற்சி எழுகிறது, புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. துண்டுகள் இரத்தக் குழாய் வளர்ச்சியைத் தூண்டுவதை 1985இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் காட்டினர். காயம் ஆறுவதற்கு இது வேண்டும். ஆனால் துண்டுகள் அகற்றப்படாமல் தேங்கினால் அழற்சியும் அடங்காது. ஆகவே வெட்டுவது மட்டும் போதாது. வெட்டியதை வாரி அள்ளவும் வேண்டும்.

முறை தவறும்போது

ஹயல்-1 நொதி பிறவியிலேயே இல்லாத ஒரு நோயாளியைப் பற்றி 1996இல் மருத்துவர்கள் வெளியிட்டனர். கரையாத ஹையலூரோனன் உடலிற் சேர்ந்து, மூட்டைச் சுற்றிக் கட்டிகள் தோன்றியிருந்தன. மிக மிக அரிய நோய் அது. அதைவிட நமக்கு அண்மையிலுள்ளது கல்லீரல் நோய். மதுவாலோ, பி, சி வகை மஞ்சள்காமாலைக் கிருமிகளாலோ கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும்போது, அந்நுண்குழாய்ச் சுவர் உயிரணுக்கள் தம் இயல்பை இழக்கின்றன. பற்றும் கை தளர்கிறது. இரத்தத்தில் ஹையலூரோனன் அளவு ஏறுகிறது. அதனாலேயே கல்லீரல் தழும்பேறியிருக்கிறதா என்று அறிய உதவும் இரத்தச் சோதனைகளுள் ஒன்றாக இவ்வளவு பயன்படுகிறது. ஓர் ஏற்பியின் தளர்ச்சி மருத்துவரின் கையில் ஓர் எண்ணாக வந்து நிற்கிறது. எண்ணைப் படிக்கத் தெரிந்தவனுக்கே அதன் பொருள் விளங்கும்.

இக்கூழ் மருந்தாகவும் பயன்படுகிறது. கண்புரை அறுவையின்போது கருவிழியின் உட்புற அணுக்கள் சிதையாமற் காக்க 1980 முதல் இதன் கூழ் உலகெங்கும் பயன்படுகிறது. மூட்டுத் தேய்வுக்கு ஊசியாகவும் செலுத்துகின்றனர். முகப்பூச்சுகளில் இதன் பெயரை அச்சிட்டு விற்பதையும் காண்கிறோம். நம் பெண்மக்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். நீண்ட சங்கிலியாகிய இப்பொருள் தோலின் மேல் தடவினால் ஆழத்திற்கு இறங்காது. மேற்பரப்பில் ஈரத்தைச் சற்றுப் பிடித்து வைக்கும், அவ்வளவே. தோலின் நிறத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. உழைத்த கூலியை அதற்காகச் செலவிடுமுன் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒளிந்து வருவோரும் உடைத்து வருவோரும்

உடலின் இம்முறையைப் பகைவர் இரு வழிகளில் பயன்படுத்திக்கொள்கின்றனர். ஒருவர் வேடமிட்டு வருவர். மற்றவர் கதவை உடைத்து வருவர்.

வேடமிட்டு வருவது தொண்டைப் புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா. இது தன் உடலைச் சுற்றி ஹையலூரோனனாலேயே ஓர் உறையைப் போர்த்திக்கொள்கிறது. நம் கூழும் அதன் போர்வையும் ஒன்றே ஆதலால், காவல் அணுக்கள் அதனை அயலானென்று எளிதில் அறிவதில்லை. அதுமட்டுமன்று. தொண்டையின் உயிரணுக்களிலுள்ள சி.டி.44 ஏற்பி அப்போர்வையைப் பற்றிக்கொண்டு கிருமிக்கு இடம் கொடுத்துவிடுகிறது. இதனை 2000ஆம் ஆண்டையொட்டி எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டின. நெருக்கமான ஒற்றையறை வீடுகளில் இக்கிருமி ஒரு குழந்தையிடமிருந்து மற்றொரு குழந்தைக்கு எளிதில் பரவும். மருத்துவம் செய்யாது விட்டால் சிலருக்கு மூட்டுவாதக் காய்ச்சல் வந்து, இதயத்தின் வால்வுகள் பழுதாகும். பென்சிலினுக்கு இக்கிருமி அடங்கும். ஆகவே, காய்ச்சலோடு கூடிய தொண்டை வலியைக் கைவைத்தியத்தோடு விட்டுவிடாமல், பிள்ளையை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கதவை உடைத்து வருவது பாம்பின் நஞ்சு. இதுவே நாம் முன்னர்க் குறிப்பிட்ட தொடர்பு. 1928இல், அமெரிக்காவின் ராக்பெல்லர் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த பிரான்சிஸ்கோ துரான்-ரெய்னால்ஸ் என்பவர், விலங்கின் விரைச்சாற்றோடு கலந்து செலுத்திய கிருமி தோலில் வெகுவாகப் பரவுவதைக் கண்டார். அச்சாற்றிலுள்ள பொருளைப் 'பரப்பும் காரணி' என்றனர். பாம்பு நஞ்சுகளிலும் அது இருப்பதை அவர் 1939இல் எழுதினார். அப்பரப்பும் காரணியும், ஹையலூரோனனை அறுக்கும் ஹையலூரோனிடேஸ் நொதியும் ஒன்றே என்பதை 1940ஐ ஒட்டி எர்ன்ஸ்ட் செயினும் டத்தீயும் நிறுவினர். இந்தச் செயின்தான் பின்னர்ப் பென்சிலின் ஆய்வுக்காக 1945இல் நோபல் பரிசு பெற்றவர். யூதராகப் பிறந்த ஒரே காரணத்தால் 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தவர் அவர் என்பதையும் நம் இளைஞர்கள் அறிய வேண்டும்.

பாம்பு கடித்ததும் நடப்பது இது. நஞ்சிலுள்ள நொதி, தோலுக்கடியிலுள்ள கூழை அறுத்து நீராக்குகிறது. உடலின் கவாத்தில் இருந்த முறை இங்கே இல்லை. இது காட்டை அழிக்கும் வெட்டு. அரண் கரைந்த இடத்தில் மற்ற நச்சுப் பொருள்கள் தடையின்றிப் பரவி, நிணநீரிலும் இரத்தத்திலும் கலக்கின்றன. உண்டாகும் துண்டுகளோ அழற்சியை வளர்க்கின்றன. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கெம்பராஜு, கிரீஷ் முதலியோர் நல்லபாம்பின் நஞ்சிலிருந்து இந்நொதியைப் பிரித்து 2004இல் தம் ஆய்வை வெளியிட்டனர். தனியே செலுத்தினால் அது கொல்வதில்லை. ஆனால் மற்ற நச்சுப் பொருள்களோடு சேர்ந்தபோது அவற்றின் கேட்டைக் கூட்டியது. கொலைகாரனுக்குக் கதவு திறந்துவிடுபவனின் வேலை அது.

பாம்புக்கடியால் இறப்போர் யாவர்? 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழ்ந்தோர். மழைக்காலத்தில் வயலிலும் வீட்டிலும் கடியுண்டோர். உலகச் சுகாதார நிறுவனம் 2017இல்தான் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்டது நோய் மட்டுமன்று என்பதை நாம் அறிவோம். கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரை இருபோக நெல் விளையும் நிலத்தில் வெறுங்காலோடு நாற்று நடுபவர் யார்? பந்தலுக்கடியில் குனிந்து களையெடுப்பவர் யார்? விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுபவர் யார்? விடையை எல்லாரும் அறிவர்.

இந்நஞ்சுக்கு மாற்று உண்டு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்கும் ஒரே மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. அம்மருந்து செய்ய வேண்டிய நஞ்சில் பெரும்பங்கை எடுத்துத் தருவோர் தமிழ்நாட்டின் இருளர் பழங்குடி மக்கள். சென்னையை அடுத்த வடநெம்மேலியில் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இப்பணியைச் செய்து வருகிறது. அம்மக்களைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர்க்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. பள்ளிப் படிப்பு வாய்க்காத மக்களின் பட்டறிவு, நாடெங்கும் உயிர் காக்கும் மருந்தாகியிருக்கிறது.

செய்ய வேண்டுவன

அறிவியல் அறிவு செயலுக்கு வர வேண்டும். நாம் இதுவரை கண்டவற்றிலிருந்தே செய்ய வேண்டுவன விளங்கும்.

கூழரண் கரைந்த இடத்தில் நஞ்சு நிணநீர் வழியே செல்கிறது. தசை அசையும்போது நிணநீர் விரைந்து ஓடும். ஆகவே கடிபட்டவர் ஓடக் கூடாது, நடக்கவும் கூடாது. கடிபட்ட காலையோ கையையோ, எலும்பு முறிந்தால் கட்டுவது போல மட்டை வைத்து அசையாமற் செய்து, தூக்கிச் செல்ல வேண்டும். மோதிரம், மெட்டி, வளையல்களைக் கழற்றிவிட வேண்டும். வீக்கம் ஏறினால் அவை இறுக்கும். கடிவாயைக் கீறுவதும், உறிஞ்சுவதும், அழுத்தித் தேய்ப்பதும், இறுகக் கயிறு கட்டுவதும் தீமையே தரும். கம்பம் அரசு மருத்துவமனையோ, பெரியகுளத்து மருத்துவமனையோ, க. விலக்கில் 2004 முதல் இயங்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, எது அருகிலிருக்கிறதோ அங்கே உடனே சேர வேண்டும்.

வேர் அரைத்துக் கொடுப்பவரிடம் முதலில் போகலாம் என்று கூறும் பெரியோர் நம்மிடையே உண்டு. அவர்களை இகழ வேண்டா, விளக்க வேண்டும். பாம்புக்கடிக்கு வழங்கிவரும் ஈசுவரமூலி வேரில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்னும் பொருள் உள்ளது. அது நஞ்சின் ஹையலூரோனிடேஸ் நொதியைத் தடுக்க வல்லது என்று ஆய்வுக்கூடத்தில் கண்டதும் உண்மையே. அதனால் முன்னோர் ஒன்றுமறியாதவர் அல்லர். ஆயினும் அப்பொருள் சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றுநோயும் உண்டாக்கும் என்பது உறுதியாகியுள்ளது. மேலும், கதவு திறப்பவனைத் தடுத்தாலும், உள்ளே புகுந்துவிட்ட கொலைகாரனை அது தடுக்காது. நரம்பைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சையும் இரத்தத்தைக் கெடுக்கும் நஞ்சையும் முறிப்பது மருத்துவமனை மருந்தே. வேர் தேடிப் போகும் நேரம் உயிர் போகும் நேரமாகிவிடக் கூடாது.

தனி மனிதர் எச்சரிக்கையாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. வயலில் இறங்குவோர்க்குக் காலுறைக் காலணியும், இரவில் நடப்போர்க்கு விளக்கும், தெருவுக்குத் தெரு மின்விளக்கும் வேண்டும். வேலைக்கு அழைப்பவர் காலணி தர வேண்டும் என்று கேட்பது பிச்சையன்று. ஆரம்பச் சுகாதார நிலையங்களில் நஞ்சு முறிமருந்து எப்போதும் இருப்பில் உள்ளதா என்று ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும். பாம்புக்கடி இறப்புகளை 2030க்குள் பாதியாகக் குறைப்பதென்று 2024இல் நடுவண் அரசு செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. தமிழக அரசும் அதே ஆண்டில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அறிவிப்புகள் தாளில் இருக்கின்றன. அவற்றை நம் தெருவுக்குக் கொண்டுவருவது படித்த பிள்ளைகளின் கடமை. கேள்வி கேட்பதற்குச் செய்தி தெரிய வேண்டும். செய்தி தெரியக் கல்வி வேண்டும். இந்தக் கழகம் இருபத்தைந்தாண்டு உழைத்தது அதற்காகவே.

மாணவச் செல்வங்களே, கவனியுங்கள். ஒரு கூழைப் பற்றிய ஆய்வு 1934இல் தொடங்கி இன்றும் முடியவில்லை. கண்டவர்களுள் அகதியும் உண்டு; பாம்பு பிடிக்கும் பழங்குடியினரின் உழைப்பும் அதிற் சேர்ந்திருக்கிறது. பாம்பு நஞ்சின் பரப்பும் நொதியைத் தீங்கின்றித் தடுக்கும் ஒரு பொருளை எவரேனும் கண்டு, கடிபட்ட இடத்திலேயே கொடுக்கக்கூடிய மருந்தாக ஆக்கினால், மருத்துவமனை சேரும் வரை உயிரைப் பிடித்து வைக்க வழி பிறக்கலாம். அவ்வாராய்ச்சிக்கு உலகில் பலர் முனைந்துள்ளனர். வயற்காட்டில் பாம்புக்கடியைக் கண்ணால் கண்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்களோடு சேர வேண்டாமா? பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலும் வேதியியலும் கடினம் என்று அஞ்சி ஒதுங்காதீர்கள். உயிர்வேதியியல், செவிலியம், மருந்தியல், மருத்துவ ஆய்வுக்கூடப் பயிற்சி ஆகிய எல்லாத் துறைகளும் உங்களுக்கும் உரியன. கட்டணத்திற்கும் உதவித்தொகைக்கும் வழிகாட்ட இக்கழகம் இருக்கிறது.

உயிரணுவின் பாடம் இதுதான். வேண்டியதைப் பலர் கூடிப் பற்ற வேண்டும். ஒற்றைக் கை பற்றினால் நழுவும். பழுதானதை முறையறிந்து அறுத்துக் கரைக்க வேண்டும். கரைத்ததிலிருந்து கிடைத்ததைக் கொண்டு புதியதை ஆக்க வேண்டும். கல்வியைப் பற்றுவோம், அச்சத்தையும் அறியாமையையும் கரைப்போம். இந்த வெள்ளி விழா முடிந்து வீடு திரும்பும் ஒவ்வோர் இளைஞரும், பாம்பு கடித்தால் செய்ய வேண்டுவதையும் செய்யக் கூடாததையும் பெரிய எழுத்தில் எழுதித் தத்தம் தெருவில் மாட்டி வைப்பாராக. இந்த மழைக்காலத்தில் ஓர் உயிர் அதனால் தப்பினாலும் இவ்வுரை பயன்பட்டதாகும்.